உயிரெனும் அடுப்பு

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உயிர்களும் ஆற்றலும் என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இலக்கியமும் மொழியும் பேசப்படும் மேடையில் இச்செய்திக்கு என்ன வேலை என்று ஓரிருவர் எண்ணக்கூடும். ஏர் பிடிக்கும் உழவனும், உலை மூட்டும் தாயும், வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளையும் இத்தலைப்புக்குள் இருக்கின்றனர். ஆகவே இது நம் செய்தியே. நமக்கு அயலானது அன்று.

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குகின்றேன். நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி அளவுக்கு உணவு உண்ணும் ஒருவரின் உடல், அவ்வாற்றலை இருபத்துநான்கு மணி நேரத்திலும் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றது. அதனை மின்விளக்குக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 100 வாட்டு ஆகும். பழைய குண்டு விளக்கொன்று எரிவதற்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு. இவ்வவையில் நாம் இருநூறு பேர் இருக்கின்றோம் என்று கொண்டால், இங்கே இருநூறு விளக்குகள் எரிகின்றன என்று பொருள். கூட்டம் நிறைந்த அறை புழுங்குகின்றதே, அதற்குக் கரணியம் இதுதான். உறங்கும்போதும் இவ்விளக்கு அணைவதில்லை, சற்றே தணிகின்றது. அது முற்றிலும் அணைவதைத்தான் சாவு என்கின்றோம்.

இவ்விளக்கிற்கு எண்ணெய் எங்கிருந்து வருகின்றது? அதனை எரிப்பது யார்? எரிந்தபின் அது எங்கே போகின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கம். விடையின் சுருக்கத்தை முன்னரே சொல்லிவிடுகின்றேன். எந்த உயிரும் ஆற்றலைப் படைப்பதில்லை. பெறுகின்றது; மாற்றுகின்றது; செலவிடுகின்றது; வெப்பமாக வெளியே விடுகின்றது. புல்லும் இதற்கு விலக்கன்று, புலியும் விலக்கன்று, பேரரசனும் விலக்கல்லன்.

கப்பல் மருத்துவன் கண்ட உண்மை

இவ்வுண்மையை உலகிற்குச் சொன்னவருள் முதல்வர் இராபர்ட்டு மேயர் என்னும் செருமானிய மருத்துவர். 1840-ஆம் ஆண்டு அவர் ஒரு கப்பலின் மருத்துவராகச் சாவகத் தீவுக்குச் சென்றார். அக்காலத்தில் நோயுற்றோர்க்குக் குருதியைச் சிறிது வடித்து விடுவது மருத்துவ முறை. சுரபாயாத் துறைமுகத்தில் கப்பலோட்டிகளின் கைந்நாளத்தைத் திறந்தபோது, கருஞ்சிவப்பாக வரவேண்டிய குருதி செக்கச்செவேலென வந்தது. தவறான குழாயைத் திறந்துவிட்டோமோ என்று அவர் முதலில் ஐயுற்றார். பின்னர் ஆழ்ந்து எண்ணினார். வெப்ப நாட்டில் உடல் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை. எனவே குருதியிலுள்ள உயிர்வளி குறைவாகவே செலவாகின்றது. அதனால்தான் நிறம் மாறவில்லை என்று கருதினார். அவ்வாறாயின், உடற்சூடும் உடலுழைப்பும் ஒரே உணவிலிருந்து வருகின்றன. ஒன்றிற்குச் செலவானது மற்றொன்றிற்குக் கிடைக்காது. இரண்டிற்கும் ஒரே கணக்கேடு!

1842-இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார். ஆற்றலைப் படைக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்ற மட்டுமே முடியும் என்னும் கோட்பாட்டிற்கு அது கால்கோளாயிற்று. 1845-இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஞாயிற்றின் ஒளியைப் பிடித்துச் சேமித்து வைப்பவை நிலைத்திணைகளே என்றும் அவர் எழுதினார். தொடக்கத்தில் அவர் சொல்லைப் பொருட்படுத்தினார் மிகச் சிலரே. பின்னாளில் உலகம் அவரை ஒப்புக்கொண்டது.

பச்சை இலையின் பணி

இனி, நிலைத்திணை எவ்வாறு உணவு பெறுகின்றது என்று பார்ப்போம். மண்ணைத் தின்றுதான் மரம் வளர்கின்றது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். பெல்சிய நாட்டு அறிஞர் வான் எல்மாண்ட்டு இதனை ஆய்ந்து பார்த்தார். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டே அவுன்சு! அவர் இறந்தபின் 1648-இல் இது நூலாக வெளிவந்தது. மரம் முழுவதும் நீரினால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். மண் அன்று என்றது சரி. நீர் மட்டுமே என்றது தவறு. காற்றை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

காற்றை எண்ணியவர் ஆங்கில அறிஞர் பிரீசுட்லி. 1771-இல் அவர் ஒரு கண்ணாடி ஏனத்தைக் கவிழ்த்து அதனுள் மெழுகுத்திரியை எரித்தார். சற்று நேரத்தில் அது அணைந்தது. அக்கெட்ட காற்றில் புதினாத் தழையொன்றை நீரில் நிறுத்திச் சில நாள் வைத்தார். மீண்டும் திரியை ஏற்றியபோது அது எரிந்தது. எரிதலும் உயிர்ப்பும் கெடுத்த காற்றைப் பச்சிலை திருத்துகின்றது என்று கண்டார். எட்டாண்டு கழித்து 1779-இல், இங்கன்கவுசு என்னும் ஒல்லாந்து மருத்துவர் எஞ்சிய முடிச்சை அவிழ்த்தார். இலை இத்திருத்தத்தை எப்போதும் செய்வதில்லை. வெயிலில் மட்டுமே செய்கின்றது. அதுவும் பச்சைப் பகுதிகளே செய்கின்றன என்று காட்டினார்.

நிகழ்வது இதுதான். இலை, காற்றிலுள்ள கரிவளியை நுண்துளைகள் வழியே வாங்குகின்றது. வேர் நீரை அனுப்புகின்றது. இலையிலுள்ள பச்சையம் ஞாயிற்றொளியைப் பிடித்து, அவ்வாற்றலால் நீரைப் பிளக்கின்றது. உயிர்வளி வெளியேறுகின்றது. நீரினின்று கிடைத்த நீரகத்தையும் பிடித்த ஆற்றலையும் கொண்டு, கரிவளியைச் சருக்கரையாக்குகின்றது. கரிவளி என்பது எரிந்து முடிந்த சாம்பலை ஒத்தது. அதில் எரிவதற்கு ஒன்றுமில்லை. அச்சாம்பலை எடுத்து மீண்டும் விறகாக்கும் வல்லமை ஒளியை ஆளத் தெரிந்த பச்சிலைக்கே உண்டு. இதற்கே ஒளிச்சேர்க்கை என்று பெயர். இவ்வாறு ஆக்கப்பட்ட சருக்கரையே கரும்பில் சாறாகவும், நெல்லில் மாவாகவும், எள்ளில் எண்ணெயாகவும், பனையில் பதநீராகவும் நமக்குக் கிடைக்கின்றது. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஞாயிற்றின் பழைய ஒளியே.

இங்கே நம் புன்செய் உழவர்க்குரிய செய்தி ஒன்றுண்டு. கரிவளியைப் பிடிக்கும் நொதிக்கு ஒரு குறை இருக்கின்றது. வெப்பம் மிகும்போது அது கரிவளிக்கு மாறாக உயிர்வளியைப் பிடித்துவிடும். பிடித்ததைத் திருத்துவதிலேயே பயிரின் ஈட்டத்தில் ஒரு பங்கு வீணாகும். நெல்லும் கோதுமையும் இவ்விழப்புக்கு ஆளானவை. கரும்பு அவ்வாறன்று. அது கரிவளியை முதலில் வேறொரு வழியில் பிடித்து, செறிவாக்கி, அதன்பின்னரே அந்நொதியிடம் சேர்க்கின்றது. ஆத்திரேலியாவில் ஆட்சு, சிலாக்கு என்னும் அறிஞர் இருவர் 1966-இல் இதனைக் கரும்பில் விளக்கினர். நம் சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகிய அனைத்தும் இவ்வழியினவே. ஆகவேதான் கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் அவை தளராமல் விளைகின்றன. இவற்றை ஏழையின் கூழென்று இகழ்ந்தோர், வெயிலை ஆளும் திறத்தில் இவை நெல்லினும் உயர்ந்தவை என்பதை அறிந்திலர்.

காற்றுண்டு வாழ்வதாகச் சொல்வோர்

உணவே இன்றிக் காற்றையும் வெயிலையும் மட்டுமே கொண்டு பல்லாண்டு வாழ்கின்றேன் என்பார் அவ்வப்போது தோன்றுகின்றனர். கூட்டமும் சேர்கின்றது. நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. கணக்குப் போட்டாலே போதும். நண்பகல் ஞாயிறு ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட்டு பொழிகின்றது. வயற்பயிர்கள் அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கைத்தான் உணவாக்க வல்லன. ஒருவர் தம் தோல் முழுவதும் பச்சையம் பெற்று, வெயில் படும் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றே கொண்டாலும், அவர்க்குக் கிடைப்பது 10 வாட்டோ 20 வாட்டோ தான்; அதுவும் உச்சி வெயிலில் மட்டும். உடலுக்கு வேண்டுவதோ இரவும் பகலும் 100 வாட்டு. மாந்தன் தோலில் பச்சையமே இல்லை என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? அசையாமல் கிடந்தாலும் உடல் நாளொன்றுக்கு 1500 கிலோ கலோரி அளவில் எரிக்கும். உண்ணாதவர் உடலில் கொழுப்பு மட்டுமே எரிந்தாலும் ஒரு கிழமைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரையும். கரையவில்லை என்றால் அவர் எங்கோ மறைவாக உண்கின்றார் என்பதே பொருள்.

மெல்ல எரியும் தீ

விலங்குகளும் மாந்தரும் இவ்வுணவை எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? இதற்கு அடிக்கல் நாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே. 1782–83 குளிர்காலத்தில் அவரும் இலாப்பிலாசும் ஒரு சீமைப் பெருச்சாளியைப் பனிக்கட்டி சூழ்ந்த ஏனத்தினுள் வைத்தனர். அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்பதையும், அது எவ்வளவு கரிவளியை வெளியிட்டது என்பதையும் அளந்தனர். கரித்துண்டை எரித்து அதே அளவு கரிவளி வரும்போது எவ்வளவு பனி உருகுகின்றது என்பதோடு ஒப்பிட்டனர். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. உயிர்ப்பு என்பது மெல்ல எரியும் தீயே என்று அறிவித்தனர். இத்தகு பேரறிஞர் இலவாசியே பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

விறகு எரிந்தால் ஒரே மூச்சில் வெப்பம் முழுவதும் வெளிப்படும். உடலில் அவ்வாறு நிகழ்ந்தால் நாம் வெந்துவிடுவோம். எனவே உயிர் ஒரு சூழ்ச்சி செய்கின்றது. உணவின் ஆற்றலைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்கின்றது. இப்பணி நடைபெறும் இடம் நம் உடலின் கண்ணறைகள். உயிரணு என்றும் இவற்றை வழங்குவர். கண்ணறைக்குள்ளே இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. இழை போலவும் மணி போலவும் தோன்றுவதால் இப்பெயர். இதன் கிரேக்கப் பெயர்க்கும் பொருள் இதுவே. உயிர்வளி, பச்சையம், கண்ணறை, இழைமணி என்று இதுவரை சொல்லி வந்தேன். எச்சொல்லும் உங்களை மருட்டவில்லை என்பதை உங்கள் முகங்களே சொல்கின்றன.

சோற்றிலுள்ள மாவுப்பொருள் செரிமானத்தில் குளுக்கோசு என்னும் எளிய சருக்கரையாகிக் குருதியில் கலந்து கண்ணறையை அடைகின்றது. அங்கே இரண்டாக உடைகின்றது. பின்னர் இழைமணிக்குள் புகுந்து ஒரு சுழற்சியில் சிக்கி, கரிவளியாகக் கழிகின்றது. இச்சுழற்சியை 1937-இல் கண்டவர் ஆன்சு கிரெப்சு. யூதர் என்னும் ஒரே கரணியத்தால் 1933-இல் செருமனியில் வேலையினின்று நீக்கப்பட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர் அவர். இக்கண்டுபிடிப்பை முதலில் அனுப்பிய புகழ்பெற்ற இதழ் அதனை ஏற்காமல் திருப்பியது. அதே ஆய்வுக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா உயிர்க்கும் ஒரே காசு

உணவினின்று பெற்ற ஆற்றல் அப்படியே செலவாவதில்லை. நெல் விற்ற உழவன் நெல்லைக் கொண்டே எல்லாம் வாங்குவதில்லை. காசாக்கிக்கொண்டு கடைக்குச் செல்கின்றான். அதுபோல் கண்ணறையும் உணவாற்றலை ஒரு காசாக மாற்றிக்கொள்கின்றது. அக்காசின் பெயர் ஏ.டி.பி. தசை சுருங்குவதற்கும், நரம்பு செய்தி கடத்துவதற்கும், புதிய புரதம் கட்டுவதற்கும் இக்காசே கூலி. ஒருவர் உடலில் எக்கணத்திலும் இருக்கும் இருப்பு மிகச் சிறிது. ஆயினும் செலவான காசு மீண்டும் மீண்டும் அச்சாவதால், ஒரு நாளில் அவர் புழங்கும் அளவு அவர்தம் உடல் எடையையே ஒத்திருக்கும்.

இக்காசைக் கண்டவர் வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியது. 1929-இல் செருமனியில் உலோமான் என்பார் இதனைக் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்க ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பிசுக்கே என்பாரோடு சேர்ந்து தனியே கண்டவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895-இல் பிறந்த தெலுங்கர், சென்னையில் பயின்றவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து அறுவைப் பயிற்சிக்குச் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாமல் அதனினும் தாழ்ந்த சான்றிதழே பெற்றார். உடன்பிறந்தார் இருவரை எட்டே நாளில் இழந்தார். அவர்களைக் கொன்றது, உண்ட உணவின் ஊட்டத்தைக் குடல் ஏற்காமல் விடும் ஒரு கொடுநோய். அமெரிக்கா சென்றபின் இரவில் மருத்துவமனையில் ஏவற்பணி செய்து பிழைத்துக்கொண்டே ஆய்ந்தார். உணவு உடலில் சேராமையால் உடன்பிறந்தாரை இழந்த ஒருவரே, உணவு உடலில் காசாகும் வழியைக் கண்டவருள் ஒருவரானார். ஆர்வர்டு அவர்க்கு நிலையான பதவி தரவில்லை. 1948-இல் அவர் மறைந்தார். பெரும்பேர் பெறாமலே மறைந்தார் என்பதுதான் வருத்தம்.

அக்காசு அச்சாகும் முறையும் வியப்புக்குரியது. இழைமணியின் உட்சவ்வில், உணவினின்று வந்த மின்னணுக்கள் படிப்படியாக இறங்கி இறுதியில் உயிர்வளியோடு சேர்கின்றன. இறங்கும்போது விடும் ஆற்றல், நேர்மின்னிகளைச் சவ்வின் ஒருபுறம் தேக்கி வைக்கின்றது. மேட்டூரில் நீரைத் தேக்கி, மதகு வழியே விட்டு, உருளையைச் சுழற்றி மின்சாரம் எடுப்பதில்லையா? அதே முறைதான். தேங்கிய நேர்மின்னிகள் ஒரு நுண்பொறியின் வழியே பாய்கின்றன, பொறி சுழல்கின்றது, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று காசுகள் விழுகின்றன. 1961-இல் இக்கருத்தை வெளியிட்ட பீட்டர் மிட்செலை அறிஞர் பலர் நம்பவில்லை. 1978-இல் அவர்க்கு நோபல் பரிசு வந்தது. அப்பொறி உண்மையிலேயே சுழல்வதை 1997-இல் சப்பானிய ஆய்வாளர் நுண்ணோக்கியின்கீழ்க் கண்ணாலேயே கண்டனர்.

நாம் விடாமல் மூச்சு வாங்குவது எதற்கு என்பது இப்போது விளங்கும். இறங்கிவரும் மின்னணுக்களை ஏற்றுக்கொள்ள உயிர்வளி இல்லையேல் சுழற்சி நின்றுவிடும். காசு தீர்ந்துவிடும். மூளை சில மணித்துளிகளில் அழியத் தொடங்கும்.

தோழர்களே, ஒன்றை ஊன்றி எண்ணுங்கள். இக்காசு அருகம்புல்லிலும் உண்டு, மண்புழுவிலும் உண்டு, நம்மிலும் உண்டு. எல்லா உயிர்க்கும் ஒரே காசு! மாந்தருள் பிறப்பால் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பிரித்தோர், எவர் கண்ணறையைத் திறந்து பார்த்தாலும் வேறொரு காசைக் காட்ட முடியாது. இன்னுமொன்று. இழைமணிகள் பண்டைக்காலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் என்பதும், பிறிதோர் உயிருக்குள் புகுந்து அதனோடு ஒன்றியவை என்பதும் இன்று ஏற்கப்பட்ட உண்மை. அவை நமக்குத் தாயிடமிருந்தே வருகின்றன. தந்தை வழியே வருபவை கருவில் அழிந்துவிடுகின்றன. நம் உடலில் எரியும் அடுப்பு ஒவ்வொன்றும் தாய் மூட்டிய அடுப்பே.

பழஞ்சோறும் பனங்கள்ளும்

உயிர்வளி இல்லாமலும் வாழும் உயிர்கள் உண்டு. அவற்றை நம் வீட்டிலேயே காணலாம். இரவில் நீரூற்றி வைத்த சோறு காலையில் புளிப்பது எதனால்? நுண்ணுயிர்கள் அச்சோற்றின் சருக்கரையை உயிர்வளியின் உதவியின்றி உடைத்து, புளிப்பான காடியாக்கி விடுகின்றன. இட்டலி மாப் பொங்குவதும் அவ்வாறு எழும் வளியினால்தான். பனம்பாளையில் கட்டும் கலயத்திற்குச் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு நுண்ணுயிர்களைத் தடுக்கின்றது. தடுக்காத கலயத்தில் அவை சருக்கரையை வெறியமாக்கி விடுகின்றன. நம் முன்னோர் நுண்ணோக்கி இன்றியே பட்டறிவால் இதனைக் கையாண்டனர்.

ஆயினும் இவ்வழியில் ஊதியம் குறைவு. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றிலிருந்து நொதித்தல் வழியே கிடைப்பவை இரண்டே காசுகள். உயிர்வளியோடு முற்றும் எரித்தாலோ ஏறத்தாழ 30 காசுகள். எஞ்சிய ஆற்றல் காடியிலும் வெறியத்திலும் தங்கிவிடுகின்றது. ஆகவேதான் சாராயம் தீப்பற்றி எரிகின்றது. நாம் விரைந்து ஓடும்போது உயிர்வளி ஈடுகொடுக்கவில்லையெனில் நம் தசையும் சிறிது நேரம் இக்குறுக்கு வழியை நாடும். நெடுநேரம் அதில் நிலைக்க இயலாது.

ஞாயிற்றின் ஒளியே எட்டாத ஆழ்கடலில் உயிர்கள் எவ்வாறு வாழும் என்று நீங்கள் கேட்கலாம். 1977-இல் கலாபகசுத் தீவுகளை அடுத்த கடலடியில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் சென்றோர் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டனர். அவற்றைச் சுற்றி உயிர்கள் மொய்த்திருந்தன. வாயும் குடலும் இல்லாத நீண்ட குழாய்ப்புழுக்களும் அங்கு வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், ஊற்றிலிருந்து வரும் கந்தகச் சேர்மத்தை எரித்து அவ்வாற்றலால் உணவாக்கித் தருகின்றன. அங்கும் ஆற்றல் சும்மா வரவில்லை. ஒளிக்கு மாறாக நிலவுலகின் உட்பொருள் விலை கொடுக்கின்றது. அவ்வளவே வேறுபாடு.

செலவுக் கணக்கு

இனி இறுதிப் பகுதிக்கு வருகின்றேன். வந்த ஆற்றல் எதற்குச் செலவாகின்றது? பெரும்பகுதி நாம் அறியாமலே செலவாகின்றது. நெஞ்சாங்குலை துடிக்க, நுரையீரல் விரிய, உடற்சூடு நிலைக்க, பழுதான கண்ணறையைப் புதுக்க என்று அடிப்படைச் செலவே பாதிக்கு மேல். தசையுழைப்பில் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே வேலையாகும்; எஞ்சியது வெப்பம். வியர்வை அவ்வெப்பத்தைப் போக்கவே வருகின்றது.

உழைப்பின் தேவையை இந்திய மருத்துவ ஆய்வு மன்றம் 2020-இல் கணக்கிட்டுத் தந்துள்ளது. அமர்ந்து பணியாற்றும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கிலோ கலோரி வேண்டும். கடும் உழைப்பாளிக்கு வேண்டுவது 3470. பெண்களில் அமர்ந்த பணிக்கு 1660. கடும் உழைப்புக்கு 2720. கல்லுடைப்பவனுக்கும், நாற்று நடுபவளுக்கும், மூட்டை சுமப்பவனுக்கும் மேசைமுன் அமர்ந்தவரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உணவு வேண்டும். ஆனால் எவர்க்கு மிகுதியாக வேண்டுமோ அவர் தட்டில்தானே மிகக் குறைவாக விழுகின்றது! அப்பற்றாக்குறை எங்கே போகும்? கணக்கு ஏமாறாது. முதலில் கொழுப்புக் கரையும். அடுத்துத் தசை கரையும். அவன் ஏற்றிய மூட்டை தன் உடலைத் தானே எரித்து ஏற்றிய மூட்டை. அதனை அவன் ஊழ் என்று சொல்வது, திருட்டுக் கணக்கிற்குத் தெய்வத்தைச் சான்றழைப்பது.

குழந்தைகளின் கணக்கு இன்னும் கொடியது. மூளை நம் உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்குகின்றது. வளர்ந்தோர் நிலை இது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ ஐந்து அகவையில் ஒரு குழந்தையின் நாள் முழுதுக்குரிய ஆற்றலில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மூளைக்கே செல்கின்றது என்று காட்டியது. பிள்ளை பள்ளியில் முதன்முதல் காலடி வைக்கும் அகவை அன்றோ அது! அகரம் எழுதத் தொடங்கும் அக்கையின் பின்னே அவ்வளவு பெரிய அடுப்பு எரிகின்றது. அவ்வடுப்புக்கு விறகிடாமல் அப்பிள்ளையை மந்தம் என்பதும், அதன் குலத்திற்குப் படிப்பு வாராது என்பதும் எத்துணைக் கொடுமை!

நம் நாட்டில் இவ்வுண்மையைச் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் பிள்ளைகட்கு உணவு தரப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்தது. 1982-இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. 2022-இல் காலை உணவும் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு முறையும், வீண் செலவு என்றும் சோம்பலை வளர்ப்பது என்றும் எள்ளியோர் இருந்தனர். கட்சி எதுவாயினும் ஆகுக. அவர்கட்கு நாம் சொல்ல வேண்டிய விடை ஒன்றுதான். ஆற்றலை எவரும் படைக்க முடியாது. உள்ளே போகாதது வெளியே வாராது. சோறு போகாத உடலிலிருந்து உழைப்பும் வாராது, கல்வியும் வாராது. பிள்ளைக்கு இடும் சோறு ஈகையன்று. ஞாயிறு எல்லார்க்குமாகப் பொழிந்ததில் அப்பிள்ளைக்குரிய பங்கு.

பெரியோர்களே! ஞாயிறு தன் ஒளியைக் குலம் பார்த்துப் பொழிவதில்லை. இலை அதனைக் கூலி கேளாமல் உணவாக்குகின்றது. உழவன் தன் உடலை எரித்து அதனை அறுத்துக் கொணர்கின்றான். அதுவரை கணக்கில் ஒரு பிழையும் இல்லை. களத்து மேட்டுக்கும் தட்டுக்கும் இடையில்தான் கணக்குப் பிழைக்கின்றது. அப்பிழையைச் செய்தவன் மாந்தன். அதனைத் திருத்த வேண்டியவனும் மாந்தனே. இக்கூட்டம் முடிந்து வீடு செல்லும்போது, உங்கள் தெருவில் இன்றிரவு அடுப்பெரியாத வீடு எது என்று பார்த்துச் செல்லுங்கள். உயிர்களும் ஆற்றலும் பற்றி இம்மன்றத்தில் கேட்டதற்கு அதுவே தக்க பயன்.